பத்தில் ஒன்று

நான் ஒரு மனிதர்மேல் திருட்டுப் பட்டம் கட்டியிருக்கிறேன். வாயால் அல்ல, பேனாவால். கெட்ட எண்ணத்தால் அல்ல, நல்லது செய்கிற பழக்கத்தால். இப்படிச் சொல்லும்போதே எனக்கு நானே சலுகை கொடுத்துக்கொள்வது தெரிகிறது. பழக்கத்தால் செய்தது முதல் ஒரு மணி நேரம் மட்டும்தான். அதற்குப் பிறகு வந்த எட்டு மாதமும் தெரிந்தே செய்தது.

எழுபதுகளின் நடுவில், பாலக்காட்டுக்குக் கிழக்கே கோயமுத்தூர் போகும் சாலையில் ஒரு ஆயில் எஞ்சின் கம்பெனியில் வேலை பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின்கள் செய்கிற இடம். என் வேலை, செய்து முடித்த எஞ்சினை ஓட்டிப் பார்த்து அது எத்தனை குதிரைத்திறன் தருகிறது என்று எழுதிக் கொடுப்பது. எங்கள் பேச்சில் எச்.பி. பார்ப்பது. எஞ்சினின் சுழல்தண்டை ஒரு இரும்புப் பெட்டியோடு இணைப்போம். அதை பிரேக் என்போம். பெட்டிக்குள் தண்ணீர் இருக்கும், அது எஞ்சினை எதிர்த்து நிற்கும். பெட்டியிலிருந்து நீளும் ஒரு கை தராசை அழுத்தும். தராசு காட்டும் எடையையும் எஞ்சின் சுற்றும் வேகத்தையும் பெருக்கி, சுவரில் எழுதி வைத்திருந்த ஒரு எண்ணால் வகுத்தால் எச்.பி. வந்துவிடும். கணக்கு அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் வகுத்தல் வராமல் அடி வாங்கியவன் நான், இங்கே வகுத்து வகுத்தே சம்பளம் வாங்கினேன்.

பிரேக்கில் மூன்று பேர் இருந்தோம். மூவரும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் தோட்டங்களிலும் எஞ்சின் ஓடியது. கம்பெனியில் எஞ்சின் எப்படி ஓடும், தோட்டத்தில் எப்படி ஓடும் என்று எங்களுக்குத் தெரியும். இங்கே சிமெண்டு மேடை, சுத்தமான டீசல், தொட்டியில் குளிர்ந்த தண்ணீர். அங்கே கிணற்றோரம், வெயில், மண், வழுக்குகிற பெல்ட்டு. இங்கே ஐந்து எச்.பி. காட்டியது அங்கே ஐந்து தராது. அதனால் எங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தோம். அதை யார் ஆரம்பித்தது என்று தெரியவில்லை, நான் சேரும்போதே இருந்தது. முதலில் கறுப்பு அட்டை போட்ட நோட்டில் வந்ததை வந்தபடி எழுதுவோம். பிறகு நல்ல தாளில் எழுதும்போது ஒவ்வொரு எண்ணிலும் பத்தில் ஒன்றைக் கழித்துவிடுவோம். கடலை மண்டியில் சாக்குக்கும் மண்ணுக்கும் கழிப்பார்களே, அதைப் போல. மண்டிக்காரன் விவசாயிக்கு எதிராகக் கழித்தான், நாங்கள் விவசாயிக்காகக் கழித்தோம். ஐந்து எச்.பி. என்று பெயர் போட்ட எஞ்சின் கழித்த பிறகும் ஐந்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பிரித்து மறுபடி பூட்டச் சொல்லித் திருப்பி அனுப்புவோம். எங்கள் தாளை நம்பி வாங்கியவன் ஏமாறவே மாட்டான் என்பதில் எங்களுக்குத் தலை கொள்ளாத பெருமை.

இந்த விஷயம் முதலாளிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மூன்று பேரையும் அன்றைக்கே சாலையில் நிறுத்தியிருப்பார். நன்றாக இருந்த எத்தனையோ எஞ்சின்களை நாங்கள் வீணாகப் பிரிக்க வைத்திருக்கிறோம்.

அந்த வருடம் மாசி மாதத்தில் ஒரு லாரி வந்து நின்றது. அதன்மேல் தார்ப்பாய் போர்த்திய ஒரு சின்ன கார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, மேல்கூரை இல்லாத, பச்சை நிறச் சீமைக் கார். வண்டிப்பெரியார் பக்கத்து எஸ்டேட் மேனேஜருடையது. அவரும் எங்கள் முதலாளியும் சிநேகிதர்கள். காரின் எஞ்சினைப் பந்தயத்துக்காக மாற்றி அமைத்திருக்கிறார்கள், கழற்றி பிரேக்கில் வைத்து எவ்வளவு தருகிறது என்று பார்த்துக் கொடு என்று முதலாளி என்னிடம் சொன்னார். மற்ற இருவரும் ஒதுங்கிக்கொண்டார்கள். நிமிஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு மேல் நாங்கள் எதையும் ஓட்டியதில்லை. இது ஐயாயிரத்துக்கு மேல் சுற்றும் என்றார்கள். எனக்குப் பயமும் ஆசையும் சரிபாதியாக இருந்தது.

மேனேஜர் முன்னால் ஜீப்பில் வந்திருந்தார். லாரியில் காரோடு வந்தவர் எஸ்டேட் தேயிலை ஃபேக்டரியின் ஃபிட்டர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், ஒல்லி, நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அவருடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். அந்த எஞ்சினை மாற்றி அமைத்தது அவர்தான். மேனேஜர் சீமையிலிருந்து தருவித்துக் கொடுத்த பிஸ்டன், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு, இரண்டு கார்புரேட்டர் எல்லாவற்றையும் தேயிலை ஃபேக்டரி மூலையில் உட்கார்ந்து நான்கு மாதத்தில் பூட்டியிருக்கிறார். அச்சடித்த படம் ஒன்றைத் தவிர வேறு துணை இல்லை. எஞ்சினைச் சங்கிலியில் தூக்கி மேடையில் வைக்கும்போது, தொட்டில் குழந்தையை வாங்குகிறவரைப் போல இரண்டு கையையும் கீழே கொடுத்துக்கொண்டே வந்தார்.

"மெதுவா அண்ணாச்சி, மெதுவா. நாலு மாசம் இது கூடத்தான் பேசிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அவர் கார்புரேட்டரைப் பிடித்துக்கொள்ள, நான் தராசையும் சுற்றையும் பார்த்தேன். அந்தச் சத்தத்தை என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் டீசல் எஞ்சின் பேசும், இது கத்தியது. இரண்டாயிரம், மூன்றாயிரம், நான்காயிரம் என்று ஏற்றிக்கொண்டே போனோம். வேகம் ஏற ஏற எச்.பி. ஏறியது. எந்த எஞ்சினும் ஒரு வேகத்துக்குமேல் மூச்சு முட்டி இறங்க ஆரம்பிக்கும். இது ஐயாயிரத்து ஐந்நூறு வரைக்கும் ஏறிக்கொண்டே இருந்தது, அதற்குப் பிறகுதான் தலை சாய்த்தது. உச்சத்தில் எழுபத்தொன்று. கறுப்பு நோட்டில் எழுதினேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து நல்ல தாளில் எழுதினேன். வரிசையாக எல்லா எண்ணிலும் பத்தில் ஒன்றைக் கழித்தேன். யோசிக்கவே இல்லை. அந்தத் தாளில் எழுதுவது என்றாலே கழித்து எழுதுவது என்று என் கைக்குப் பழகியிருந்தது. எழுபத்தொன்று அறுபத்து நான்காயிற்று. எழுத்து அழகாக வந்திருக்கிறது என்று கொஞ்சம் ரசித்துவிட்டு, ஆபீஸ் அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அங்கே முதலாளி, மேனேஜர், சுவரோரமாக நின்றபடி ஃபிட்டர். மேனேஜர் தாளில் மேலிருந்து கீழே விரலை ஓட்டி, பெரிய எண்ணில் நிறுத்தினார்.

"அறுபத்தி நாலா?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, ஃபிட்டரைப் பார்த்தார். "கொச்சியில் என் சிநேகிதனிடம் இதே கார். இதே சாமான் போட்டு எழுபது வந்திருக்கு. நீயும் எழுபதுக்குக் குறையாதுன்னு சொன்னே. நான் கொடுத்த சாமான் எல்லாம் உள்ளே இருக்கா, இல்லே பாதி வெளியே போச்சா?"

ஃபிட்டருக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "எல்லாம் உள்ளதான் தொரை இருக்கு. நானே பூட்டுனேன். பிரிச்சு வேணாப் பாருங்க" என்றார். அந்த மாதிரிச் சீமைச் சாமானுக்கு மதுரையிலும் கோயமுத்தூரிலும் ஆள் காத்திருந்த காலம் அது. பழையதைப் பூட்டிவிட்டுப் புதியதை விற்றான் என்றால் யாரும் நம்புவார்கள். பிரித்துப் பார்க்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. தாள் இருக்கும்போது எதற்குப் பிரிப்பது?

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. கழித்ததைச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எதிரில் முதலாளி உட்கார்ந்திருந்தார். எதைக் கழித்தாய், எப்போதிருந்து கழிக்கிறாய், யாரைக் கேட்டுக் கழிக்கிறாய் என்று அவர் கேட்கப்போகிற கேள்விகள் எல்லாம் அவர் மூக்குக்கண்ணாடியிலேயே எனக்குத் தெரிந்தன. வாயை மூடிக்கொண்டேன்.

கழிவைச் சொல்லாமலேகூட நான் ஃபிட்டரைக் காப்பாற்றியிருக்க முடியும். இதுதான் என்னை இன்றும் விடாமல் அரிக்கிறது. அந்தத் தாளிலேயே பதில் இருந்தது. எல்லா எண்ணிலும் ஒரே அளவாகக் கழித்தால் எண்கள்தான் குறையும், உச்சம் எந்த வேகத்தில் வருகிறது என்பது மாறாது. பழைய கேம் தண்டு உள்ளே இருந்திருந்தால் அந்த எஞ்சின் நாலாயிரத்து ஐந்நூறிலேயே மூச்சு முட்டி இறங்கியிருக்கும். ஐயாயிரத்து ஐந்நூறு வரைக்கும் ஏறுகிறது என்றால் புதுச் சாமான் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். மேனேஜருக்குப் பெரிய எண்ணை மட்டும்தான் பார்க்கத் தெரிந்தது. எனக்கு முழுத் தாளையும் படிக்கத் தெரியும். "ஏனுங்க, இந்த வரியைக் கொஞ்சம் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோன்றியது. அடுத்த கேள்வி என் பக்கம் திரும்புமோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

லாரியில் ஏறும்போது ஃபிட்டர் என்னிடம் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். "எங்கிட்டு விட்டேன்னு தெரியலையே அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார்.

பிரேக்கில் எனக்கு மூத்தவரிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். அவர் வெற்றிலையை மென்று முடித்துத் துப்பினார். "கார்க்காரன் பாடு அது. நீ வாயத் தொறந்தீன்னா மூணு ஊட்டுலயும் அடுப்பு எரியாது, பாத்துக்க" என்றார். எனக்கும் யாராவது அப்படிச் சொல்லிவிட்டால் போதும் என்றுதான் இருந்தது. அதற்காகவே அவரிடம் போயிருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டார். கையில் மேனேஜரின் கடிதம். முகம் நிறையச் சிரிப்பு. "ஏப்பா, உன்ற பேப்பரு ஒரு திருடனப் புடிச்சுக் குடுத்திருச்சு போ. அந்த ஃபிட்டர வேலைய உட்டுத் தூக்கிட்டாங்களாம்" என்றார். கூடவே, மேனேஜர் என்னைப் பாராட்டி எழுதியிருந்த வரியையும் படித்துக் காட்டினார். எஸ்டேட்டில் வேலை போனால் வேலை மட்டும் போகாது. குடியிருக்கிற லயத்து வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம், அதையும் காலி செய்ய வேண்டும். நான் சிரித்தேன். முதலாளி சிரிக்கும்போது நான் சிரிக்காமல் இருந்ததில்லை.

அதற்குப் பிறகு ஃபிட்டருக்குக் கடிதம் எழுதினேன். எத்தனை எழுதினேன் என்று நினைவில்லை, எதையும் தபாலில் போடவில்லை. நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று ஒரு சாக்குக் கண்டுபிடித்தேன். பழனிக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, பொள்ளாச்சி வழியாகப் பஸ் ஏறினேன். பழனியில் இறங்கி வேறு பஸ் மாறித் தேனி, கம்பம், குமுளி என்று போக வேண்டும். பழனி வரைக்கும் போனேன். தேனி பஸ் நின்றுகொண்டிருந்தது. அது புறப்படுவதைப் பார்த்துவிட்டு, மலையேறிச் சாமி கும்பிட்டுப் பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அதே கதை, அதே பஞ்சாமிர்தம். எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இந்தப் பெருமையும் எனக்குச் சும்மா கிடைத்தது.

மூன்றாவது முறை ஐப்பசியில் போனேன். பழனி பஸ் நிலையத்தில் யோசிப்பதற்குள் தேனி பஸ் நகர ஆரம்பித்துவிட்டது, ஓடிப்போய் ஏறினேன். நின்று யோசித்திருந்தால் அன்றைக்கும் போயிருக்க மாட்டேன். குமுளியில் ஒரு லாட்ஜில் தங்கி, மறுநாள் காலை மழையில் வண்டிப்பெரியாரில் இறங்கினேன்.

எஸ்டேட் ஃபிட்டராக இருந்தவர் என்று கடைத்தெருவில் கேட்டேன். "அந்தக் கார் சாமான் வித்த ஆளா?" என்று கேட்டுவிட்டு வழி சொன்னார் ஒருவர். பெரியாற்றுப் பக்கம் இறங்கும் சந்தில், தகரம் போட்ட ஒற்றை அறை. வாசலில் உட்கார்ந்து பம்ப் ஸ்டவ் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்குகள். எஞ்சின் என்று எதுவும் அங்கே இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கையைத் துணியில் துடைத்தார்.

"அண்ணாச்சியா? வாங்க, வாங்க. மழையில நனைஞ்சுட்டீங்களே" என்று உள்ளே பார்த்துக் காப்பி போடச் சொன்னார்.

உட்காரப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டார். நான் ஆரம்பிக்கும் முன்னால் அவரே பேச ஆரம்பித்தார். "ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. நீங்க வந்ததத்தான் எழுதுனீங்க. எஞ்சின் குடுக்காதத நீங்க எப்படி எழுதுவீங்க? நாந்தான் எங்கிட்டோ தப்புப் பண்ணிருக்கேன். எட்டு மாசமா மனசுக்குள்ளேயே அத ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாக்கேன். கேம் ஒரு பல்லு தள்ளி ஒக்காந்துருச்சோ, வால்வு எடைவெளி கூடிருச்சோன்னு. ஒண்ணும் புடிபடல. ஜீப்புக்காரங்க ரெண்டு பேரு எஞ்சின் வேலைக்குக் கூப்பிட்டாங்க. மாட்டேன்னுட்டேன். எழுபது வரும்னு சொல்லி அறுபத்து நாலு குடுக்கறவன் கையில இன்னொருத்தன் எஞ்சினத் தரலாமா, சொல்லுங்க."

வேலை போனதற்கும் வீடு போனதற்கும் பதில் சொல்லத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். இதற்குத் தயாராக இல்லை. ஊர் அவரைத் திருடன் என்றது, அவருக்குத் தான் திருடன் இல்லை என்று தெரியும். ஆனால் தன் கை மோசம் என்று அவரே நம்பிவிட்டார், என் தாளை நம்பி.

சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, நடுவில் நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்பு நோட்டு, நல்ல தாள், பத்தில் ஒன்று, ஆபீஸ் அறையில் நான் வாயைத் திறந்து மூடியது வரைக்கும். மழைச் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று நிமிர்ந்து பார்த்தேன்.

"எவ்வளவு வந்துச்சு?" என்றார்.

"எழுபத்தொண்ணுங்க."

"எழுபத்தொண்ணா?"

"ஆமாங்க. ஐயாயிரத்து ஐந்நூறுல."

அவர் என்னை அடித்திருக்கலாம். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், உண்மையில் விரும்பினேன். அவர் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேனேஜரிடம் எழுதித் தருகிறேன், நேரிலும் வருகிறேன் என்றேன். அந்த மேனேஜர் காரை விற்றுவிட்டு அசாம் பக்கம் மாற்றலாகிப் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது என்றார். அதைச் சொல்லும்போது கோபம்கூட இல்லை.

பிறகு உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். காப்பி டம்ளரோடு அந்த அம்மாள் வந்தார். "அண்ணாச்சி, எங்கிட்ட சொன்னத இவகிட்டயும் ஒருக்காச் சொல்லிருங்க. வேற யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றார் ஃபிட்டர்.

இரண்டாவது தடவை சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அந்த அம்மாளுக்கு எச்.பி.யும் கேம் தண்டும் தெரியாது. அதனால் சுற்றி வளைக்க எதுவும் இல்லாமல் போயிற்று. "உங்க வீட்டுக்காரர் எதையும் விக்கலீங்க. எல்லாச் சாமானும் உள்ளதான் இருந்துச்சு. நான்தான் தப்பா எழுதினேன்" என்றேன்.

அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். கணவரைப் பார்த்துத்தான் பேசினார், மெதுவாக.

"பிள்ளைங்க தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னேனே."

"சரி, விடு" என்றார் அவர்.

"நீங்க பண்ணுனீங்களே. அப்புறமும் நான் நம்பலையே."

அவர் ஸ்டவ்வின் பித்தளை மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, "விடுன்னு சொல்லுதேன்ல" என்றார். அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார். அழவில்லை. எட்டு மாதம் ஒரே கூரைக்குக் கீழே, கணவனைத் திருடன் என்று நினைத்துக்கொண்டே அவருக்குச் சோறு போட்டிருக்கிறார். நினைத்தது பொய் என்று இப்போது அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. நான் போயிருக்காவிட்டால் தெரிந்திருக்காது.

எனக்கு இருக்கவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. அந்தக் காப்பியைக் குடித்தேன். போய்வருகிறேன் என்று சொன்னதற்கு ஃபிட்டர் தலையாட்டினார், சந்துமுனை வரைக்கும் கூடவும் வந்தார். அந்த அம்மாள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். உண்மையைச் சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கிவிடும் என்றுதான் அவ்வளவு தூரம் போனேன். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. ஒரு பாவமும் செய்யாத அந்த அம்மாள் தலையிலும் ஒரு பங்கை ஏற்றி வைத்துவிட்டுக் குமுளி பஸ் ஏறினேன்.